வார்டின் கதவு



முதல் பெண் மருத்துவர்கள் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் பெயரும் ஆண்டுமாக ஒப்பிக்கிறார்கள். 1886-இல் பென்சில்வேனியாவில் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி. அதே ஆண்டு கல்கத்தாவில் காதம்பினி கங்குலி. 1912-இல் சென்னையில் முத்துலட்சுமி. வினாடி வினாவுக்கு இது போதும், வரலாற்றுக்குப் போதாது. மருத்துவக் கல்வியில் பாதி புத்தகத்தில் இருக்கிறது, மறுபாதி நோயாளியின் கட்டிலருகே இருக்கிறது. பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது அந்த மறுபாதிதான். வார்டின் கதவைத் திறக்கவைத்ததே அந்த முன்னோடிகளின் பெருஞ்சாதனை என்று சொல்லவே இந்த மேடைக்கு வந்தேன்.

சான்றுக்கு முதலில் எடின்பரோவுக்குப் போவோம். 1869-இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவர் தோழியரும் அங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 18 அன்று உடற்கூறியல் தேர்வெழுத வந்தவர்களை ஒரு கூட்டம் வழிமறித்தது. சேற்றை வாரி இறைத்தார்கள். கதவை முகத்துக்கு நேரே சாத்தினார்கள். எப்படியோ உள்ளே போய்த் தேர்வெழுத உட்கார்ந்தால், ஓர் ஆட்டை மண்டபத்துக்குள் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண்கள் எழுந்து ஓடவில்லை. சேலையோ கவுனோ, சேறு பட்டால் கழுவிக்கொள்ளலாம். அந்நகரின் பெரிய ஆஸ்பத்திரி தன் வார்டுகளுக்குள் அவர்களை விட மறுத்ததே, அதை எங்கே போய்க் கழுவுவது? கடைசியில், பல்கலைக்கழகம் அவர்களைச் சேர்த்ததே தவறு என்று 1873-இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜெக்ஸ்-பிளேக் 1874-இல் லண்டனில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆசிரியர்கள் கிடைத்தார்கள், மாணவியர் சேர்ந்தார்கள். பயிற்சிக்கு ஆஸ்பத்திரி மட்டும் கிடைக்கவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனை இசைந்தது 1877-இல்தான்.

இந்தப் பின்னணியில் சென்னையைப் பாருங்கள். பெண்களுக்கும் மருத்துவத் தகுதி வழங்கலாம் என்று பிரிட்டன் சட்டம் இயற்றியது 1876-இல். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது 1878-இல். நம் சென்னை மருத்துவக் கல்லூரியோ, சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவால், 1875-இலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப். கல்கத்தா கல்லூரி இடம் தராததால் அபலா தாஸ் என்ற வங்கப் பெண் 1882-இல் மருத்துவம் படிக்க இங்கேதான் வந்தார்.

அந்த நால்வரும் வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும்தானே, நம் பெண்களுக்கு அதில் என்ன பெருமை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அடுத்து வந்த கிருபாபாய் சத்தியநாதனும் அபலா தாஸும் உடல்நலம் குன்றிப் படிப்பைப் பாதியில் விட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் விட்டுப்போன இடம் மறுபடி ஆண்களுக்கு மட்டும் என்று ஆகிவிடவில்லை. 1907-இல் புதுக்கோட்டை முத்துலட்சுமி அதே கல்லூரியில் சேர்ந்தார். 1875-இல் சேர்ந்த அந்த நால்வருக்குக் கிடைத்தது வெறும் மூன்றாண்டுச் சான்றிதழ் என்போரும் உண்டு. அந்தச் சான்றிதழோடு லண்டன் போன ஷார்லிப், 1882-இல் அங்கே பட்டமும் மகப்பேறு மருத்துவத்தில் தங்கப்பதக்கமும் பெற்றார். திரும்பி வந்து அவர் செய்த காரியம் அதைவிடப் பெரிது. 1885-இல் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியை உருவாக்கினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியும், திருவல்லிக்கேணிக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் இடம் அது. வேலூரில் ஐடா ஸ்கடர் நடந்ததும் இதே வழியில்தான். 1902-இல் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். 1918-இல்தான் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். கட்டில் முதலில், கரும்பலகை பிறகு. பயிற்சி எங்கே நடக்கிறது என்பதை அறிந்தவர் போட்ட வரிசை அது.

இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது. ஆண் மருத்துவர் முன் வராத கோஷாப் பெண்களுக்காகத்தான் கதவு திறந்தது. ஆகவே பெண் மருத்துவர்கள் பிரசவ அறைக்குள்ளேயே அடைக்கப்பட்டார்கள் என்பது அந்த வாதம். திறந்த காரணம் குறுகலானது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் குறுகல் பல தலைமுறைப் பெண்களைக் கட்டிப்போட்டதும் உண்மை. ஆனால் வார்டுக்குள் போய்க் கற்றவரின் அறிவுக்கு யார் வேலி போட முடியும்? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அந்த நோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டுமென்று பல்லாண்டு போராடினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, மகப்பேறு மருத்துவத்தில் மேற்பட்டமும் பெற்ற சாந்தாவுக்கு எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசு வேலை கிடைத்தது. அதை வேண்டாமென்று விட்டு 1955-இல் அடையாறுக்குப் போனார். 2021-இல் காலமாகும்வரை அவர் பணியாற்றியது அங்கேதான்.