ஓர் உலகின் பல முடிவுகள்



ஆங்கிலேய மொழியறிஞர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) தாமே படைத்த தொன்மவுலகுக்குத் தோற்றக் கதையோடு முடிவுக் கதையும் எழுதினார். ஒன்றன்று, பல, அவை தம்முள் முரண்படுகின்றன.

1930 அளவில் எழுந்த வரைவில், இறந்தோருக்குத் தீர்ப்புரைக்கும் தேவனாகிய மாண்டோஸ் உலகின் இறுதிப் போரை முன்னுரைக்கிறான். உலகுக்கு வெளியே தள்ளப்பட்ட கொடியோன் மோர்கோத் மீண்டு வருவான். அவனை மாய்ப்பது டூரின் என்னும் மனிதனின் கருவாள். யார் இந்த டூரின்? நண்பனை இருளில் பகைவனென மயங்கிக் கொன்றவன். அறியாமல் உடன்பிறந்தாளை மணந்தவன். உண்மை தெரிந்ததும் தன் வாளிலேயே வீழ்ந்தவன். தேவர்கள் சூழ நிற்க, வெற்றி இவனுக்கே வாய்க்கிறது. அவ்வரைவின் பேரழகு இதுவே.

தந்தையின் மறைவுக்குப் பின் 1977இல் கிறிஸ்டோபர் டோல்கீன் பதிப்பித்த ‘சில்மரில்லியன்’ நூலிலோ இம்முன்னுரை இல்லை. உலகின் சிதைவு சீர்படுமா என்பது மாண்டோசின் தீர்ப்புகளில் சொல்லப்படவில்லை என்றே அது கூறுகிறது. எனினும் அந்நூலிலேயே குள்ளர் இனத்தார், இறுதிப் போருக்குப்பின் உலகைப் புதுக்கும் பணியில் தம்மைப் படைத்தவனுக்குத் துணைநிற்போம் என நம்புகின்றனர். கொல்லரும் கல்தச்சருமான இனத்துக்கு வேறெந்த நம்பிக்கை பொருந்தும்?

1996இல் அச்சேறிய பிற்காலக் குறிப்பொன்று சிக்கலை மிகுவிக்கிறது. அதில் முன்னுரைப்பவள் ஆண்ட்ரெத் என்னும் மானுட மூதறிவாட்டி. டூரின் மீண்டுவந்து கொல்வது மோர்கோத்தை அன்று, அவனது பெருநாகத்தை. அதுவும் உலகின் முடிவில் அன்று, முதல் ஊழியின் இறுதிப் போரில். பின்னர் அவன் உலகை விட்டு என்றைக்குமாக நீங்குவான். டூரின் இருமுறை மீள்வான் என்று இணக்கம் காண்போர் இந்த ‘என்றைக்குமாக’ என்பதை மறந்துவிடுகின்றனர். பிந்திய பாடமே செல்லும் என்பதும் எளிய வழி. அது கருவாளைக் காவு கொடுத்துவிடும்.

யார் உரைத்தது, எந்த அச்சத்துக்கு விடையாக உரைத்தது என்று கேட்டால் முரண் வேறு முகம் கொள்கிறது. எல்ஃபுகள் மூப்பறியாதவர், ஆனால் உலகோடு பிணைந்தவர். உலகம் முடிந்தால் அவர்கள் என்னாவர்? மாண்டோசின் முன்னுரை அவர்கள் விழித்தெழுவர் என்கிறது. மானுடரில் டூரின் ஒருவனைத் தவிர எவரையும் குறிக்கவில்லை. அந்த மௌனத்தின் மறுபுறத்தில் ஆண்ட்ரெத் நிற்கிறாள்.

1993இல் வெளிவந்த உரையாடலொன்றில் எல்ஃபுகளின் அரசன் ஃபின்ராடும் முதுமையெய்திய ஆண்ட்ரெத்தும் இதையே வழக்காடுகின்றனர். அவன், புதுக்கப்பட்ட உலகில் இரு இனமும் கூடி வாழும் காட்சியொன்றைச் சொல்கிறான். அவள் மனம் ஆறவில்லை. இளமையில் அவள் காதலித்தது அவன் தம்பியை. அவள் செல்லுமிடம் அவனும் அறியான். பிரியும்போது, அங்கே தம்பிக்காகவும் தனக்காகவும் காத்திருக்குமாறு வேண்டிக்கொள்கிறான்.