தோபியாவின் பின்னால் போன நாய்

(அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிஸ் திருநாளன்று ஒலிபரப்பான வானொலி மறையுரை)



திருவிவிலியத்தில் தோபித்து நூல் ஒரு குடும்பத்தின் கதை. தோபித்து பார்வை இழந்த முதியவர். தூர நாட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்த பணத்தை வாங்கி வர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணையாக மனித உருவில் வருகிறவர் வானதூதர் இரபேல். இருவரும் கிளம்புகிறார்கள். அப்போது திருநூல் ஆசிரியர் இன்னொரு செய்தியையும் சொல்கிறார்: வீட்டு நாயும் அவர்களோடு கிளம்பியது. பல அதிகாரங்கள் கழித்து அவர்கள் ஊர் திரும்பும்போதும் நாய் பின்னால் வருகிறது.

அந்த நாய்க்குப் பெயர் இல்லை. அது யாரையும் காப்பாற்றவில்லை, எந்த அற்புதமும் செய்யவில்லை. ஆனாலும் திருநூல் ஆசிரியர் அதை விட்டுவிடவில்லை. ஒரு பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பினால் அந்த வீட்டு நாயும் கூடவே கிளம்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று புனித அசிசி பிரான்சிஸ் திருநாள். இன்னும் சில நாள்களில் ஐப்பசி பிறக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும். ஆகவே இன்று உங்கள் முன் ஒரே ஒரு கேள்வியை வைக்கிறேன். திடீரென்று வெள்ளம் வருகிறது, உடனே வீட்டை விட்டுக் கிளம்புங்கள் என்கிறார்கள். உங்கள் வீட்டு நாய், பூனை, ஆடு, மாடு என்ன ஆகும்?

"சாமி, நம்ம சோமனூர்ல வெள்ளமா? குடிதண்ணிக்கே நாம குடம் வச்சுக் காத்துக் கிடக்கிறோம்" என்று சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரிக்க வேண்டாம். நொய்யல் நம் பக்கத்தில்தான் ஓடுகிறது. 2011 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பூரில் நொய்யலும் ஓடைகளும் பெருகி, கரையோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. 2017 செப்டம்பர் 7 அன்று நம் ஊர்ப் பேருந்து நிலையத்தின் கூரை மழையில் இடிந்து விழுந்ததையும், மழைக்கு அங்கே ஒதுங்கியவர்களை நாம் இழந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது, காவிரிக் கரையோர மக்கள் பள்ளிக்கூடங்களுக்கும் மண்டபங்களுக்கும் போனார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோவைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். அங்கேயும் அதற்கு முந்தின வாரம் வரை யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அன்பர்களே, இதை நான் உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் தவறு ஒன்றைப் பற்றியது.

நான் குருப்பட்டம் பெற்ற புதிது. பவானி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஓர் ஐப்பசி மாதம் ஆற்றில் தண்ணீர் ஏறியது. கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். வாசலில் நின்று பெயர் எழுதும் வேலை என்னுடையது. மாலை ஐந்து மணி இருக்கும். ஒரு பாட்டி வந்தார். ஒரு கையில் துணி மூட்டை, இன்னொரு கையில் சணல் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு செவலை நாய்.

"ஆத்தா, நீங்க உள்ள வாங்க. நாயை உள்ளே விட முடியாது. குழந்தைகள் இருக்காங்க" என்றேன். அவர் வாதாடவில்லை. "இதைய உட்டுப்போட்டு நா எங்கீங் சாமி வாரது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் அடுத்தவரின் பெயரை எழுதப் போய்விட்டேன்.

இரவு சாப்பாடு கொடுத்து முடித்தபோது ஒரு பொட்டலம் மிஞ்சியது. எண்ணித்தான் கட்டியிருந்தோம். அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பாட்டியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. விசாரித்தால், அவர் குடிசைக்கே திரும்பிவிட்டார். பங்கு இளைஞர்கள் இரண்டு பேர் கயிறும் லாரி டியூபும் எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். பாட்டி திண்ணை மேல் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் ஓர் இளைஞனின் கால் வழுக்கி இழுப்பில் போனான். ஒரு புளியங்கிளையைப் பிடித்துத் தப்பினான். ஆண்டவரின் இரக்கம், எல்லாரும் உயிரோடு வந்தார்கள்.

பாட்டி என்னைத் திட்டவில்லை. ஈரத்தோடு வாசலில் நின்று, "இப்பவாச்சும் இதுக்கு எடம் இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டார். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் ஒரு சாக்கு விரித்தோம். நாய் அதில் சுருண்டு படுத்தது, விடியும் வரை ஒரு சத்தம் போடவில்லை. அந்தக் கொட்டகை மாலை ஐந்து மணிக்கும் காலியாகத்தான் இருந்தது. என் கண்ணுக்குத்தான் அது படவில்லை. அன்று நான் நாயை மட்டும் தடுத்ததாக நினைத்தேன். உண்மையில் ஒரு தாயைத் திருப்பி அனுப்பினேன், இரண்டு வீட்டுப் பிள்ளைகளை ஆற்றுக்குள் அனுப்பினேன்.

இது என் ஒருவனுடைய கதை மட்டும் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளத்தின்போது, பாலக்காடு தாண்டி இருக்கிற திருச்சூரில் ஒரு பெண்ணை மீட்க ஆள்கள் வந்தார்கள். வீட்டில் இருபத்தைந்து நாய்கள். அவற்றை விட்டு வரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு விலங்குநல அமைப்பினர் வந்து, அவரையும் நாய்களையும் சேர்த்தே மீட்டார்கள். 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, முகாம்களிலும் பேருந்துகளிலும் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடம் கொடுக்கவில்லை. அதனாலேயே பலர் வீட்டை விட்டு வர மறுத்தார்கள். அந்தப் பாடத்தால், அடுத்த ஆண்டே அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது: மக்களை வெளியேற்றும் திட்டம் போடும்போது அவர்கள் வளர்க்கும் பிராணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விலங்குக்கு வழி செய்யாவிட்டால் மனிதரும் வெளியே வரமாட்டார் என்பதை அவர்கள் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

நம் திருநூல் இதை எப்போதோ சொல்லிவிட்டது. நோவாவைப் பாருங்கள். ஒரு துளி மழை விழுவதற்கு முன்பே ஆண்டவர் பேழைக்கு அளவு கொடுக்கிறார். உனக்கும் உன்னோடு வரும் உயிரினங்களுக்கும் வேண்டிய உணவைச் சேர்த்து வை என்றும் கட்டளையிடுகிறார். அவர் சொன்ன ஆயத்தத்தில் தீவனக் கணக்கும் இருந்தது! விடுதலைப்பயண நூலில் எகிப்தின் மேல் கல்மழை வரப்போகிறது. முந்தின நாளே மோசே எச்சரிக்கை கொடுக்கிறார்: ஆள்களையும் கால்நடைகளையும் கூரைக்குள் கொண்டு வாருங்கள். ஆண்டவருக்கு அஞ்சியவர்கள் அப்படியே செய்தார்கள், மற்றவர்கள் வெளியிலேயே விட்டுவிட்டார்கள். வானிலை எச்சரிக்கையைக் கேட்டு மாட்டை அவிழ்த்து ஓட்டி வருவது இறையச்சத்தின் அடையாளமாக அங்கே சொல்லப்படுகிறது. நினிவே நகரை அழிக்கவில்லையே என்று யோனா கோபித்தபோதும், அந்நகரின் மக்களோடு அங்கிருந்த ஏராளமான கால்நடைகளையும் ஆண்டவர் அவருக்கு நினைவூட்டினார்.

அப்படியானால் மனிதரும் விலங்கும் ஒன்றா? இல்லை. திருச்சபையின் மறைக்கல்வி இதில் தெளிவாக இருக்கிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். அதே நேரம், துன்பப்படும் மனிதருக்குப் போக வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் தகாது. முதலில் மனித உயிர். ஆகவே ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். தண்ணீர் ஏறிய பிறகு, நாய்க்காகவோ மாட்டுக்காகவோ நீங்களாக அதில் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையினருக்குச் சொல்லுங்கள், மாவட்டப் பேரிடர் எண் 1077க்குச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இறங்க வேண்டிய நிலை வராமல் இருக்கத்தான் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும் என்கிறேன்.

ஆயத்தம் என்றால் என்ன? பெரிய செலவில்லை. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் அரசு கால்நடை மருந்தகத்தில் போடுங்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கிற அதே பையில் வையுங்கள். தடுப்பூசி போட்ட நாய் என்று காட்டினால், முகாமில் பக்கத்தில் படுப்பவருக்குப் பயம் குறையும். கழுத்துப் பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணை அழியாத மையால் எழுதுங்கள். நீங்களும் நாயும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று கைப்பேசியில் இருக்கட்டும். காணாமல் போனால் உங்களுடையது என்று காட்ட அதுவே சாட்சி. சங்கிலியில் நடந்து பழகாத நாயை இப்போதே பழக்குங்கள். பூனைக்குக் காற்றோட்டமான ஒரு கூடை போதும். தக்காளி வருகிற பிளாஸ்டிக் பெட்டி இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டினாலும் சரி. மூன்று நாளுக்கான தீனி, தண்ணீர், ஒரு தட்டு, ஒரு பழைய போர்வை. இவ்வளவுதான்.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள், எந்த மேட்டுக்கு ஓட்டுவது, யாருடைய குட்டியானை வண்டியைக் கேட்பது என்று இப்போதே பேசி வையுங்கள். எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே ஓட்டிவிடுங்கள், இரவு வரை காத்திருக்க வேண்டாம். எந்த வழியும் இல்லாமல் விட்டுப் போக நேர்ந்தால், கயிற்றை அவிழ்த்துவிட்டு, கூண்டைத் திறந்துவிட்டுப் போங்கள். மாட்டுக்கு நீந்தத் தெரியும். கட்டுத்தறியில் கட்டிய கயிறு அதை நீந்த விடாது. அடிபட்ட, நோய்ப்பட்ட கால்நடைக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வெள்ளம் வடிந்த பிறகும் கவனம் தேவை. விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் பரவும். காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நிற்காதீர்கள்.

2023 டிசம்பரில் வெள்ள நிவாரணம் அறிவித்தபோது, இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று நம் அரசு உயர்த்திக் கொடுத்தது. தறி ஓட்டி வரும் கூலி பத்தாமல் ஒரு பசு மாட்டை நம்பி இருக்கிற வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு நாய் என்ன மதிப்பு என்று எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்க, தறிச்சத்தம் ஓய்ந்த இரவில் அந்த வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு உயிர் அதுதான். அந்த முதியவரின் பெயரை உங்கள் அன்பியத்தில் யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா? மழை வந்தால் அவரையும் அவருடைய நாயையும் யார் அழைத்து வருவது என்று பேசியிருக்கிறீர்களா?

நம் பங்கில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பேரிடர் நேரத்தில் ஆலய வளாகத்தைத் திறக்கும்போது, பின்புறம் உள்ள சைக்கிள் கொட்டகை பிராணிகளோடு வருகிறவர்களுக்கு. நாய்க்கு ஒரு மூலை, பூனைக்கு ஒரு மூலை, ஆட்டுக்குக் கம்பி வேலி ஓரம். பார்த்துக்கொள்ள இளையோர் இயக்கத்தினர் முன்வந்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு, வீட்டில் உள்ள பிராணிகளைக் கூட்டி வாருங்கள், ஆசீர்வதிப்போம். வரும்போது கழுத்துப் பட்டையையும் தடுப்பூசிச் சீட்டையும் கொண்டு வாருங்கள், பெயர் எழுதிக்கொள்வோம். இந்த முறை பெயர் எழுதும் மேசையில் நானே உட்காருகிறேன். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்.

செபிப்போம். நோவாவையும் அவரோடு பேழையில் இருந்த எல்லா உயிர்களையும் நினைவுகூர்ந்த ஆண்டவரே, எங்கள் கூரையின் கீழ் நீர் ஒப்படைத்த உயிர்களுக்காக உமக்கு நன்றி. மழை வருமுன் ஆயத்தமாகும் புத்தியை எங்களுக்குத் தாரும். வாசலில் வந்து நிற்பவரின் கையில் இருக்கும் கயிற்றையும், அதன் முனையில் இருக்கும் உயிரையும் பார்க்கும் கண்களைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.