மறைந்து கிடந்த மறைநூல்கள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தில்லையில் ஓர் அறை பூட்டிக் கிடந்த வரலாறு நம்மில் எவருக்கும் புதிதன்று. இராசராச சோழன் விரும்ப, நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, அவ்வறை திறக்கப்பட்டபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், செல்லரித்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். சிறு பிள்ளைகளாய் இதனைக் கேட்ட காலத்தில் கறையான் மீதே நமக்குக் கோபம் உண்டாயிற்று. இன்று எண்ணிப் பார்க்கையில், குற்றம் கறையானுடையதா, ஏடுகளைப் பூட்டி வைத்து மறந்த மனிதருடையதா என்ற கேள்வி எழுகின்றது.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்துச் சமயங்கள் பலவற்றின் பழைய நூல்களும் இவ்வாறே மறைந்து கிடந்து வெளிப்பட்டிருக்கின்றன. அவற்றுள் இரண்டினை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்வோம்.

சீன தேசத்தின் வடமேற்கில், பாலைவனத்தின் ஓரத்தில், துன்குவாங் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே பாறையிற் குடைந்த பௌத்தக் குகைகள் பல உள. 1900ஆம் ஆண்டில், அவற்றைப் பராமரித்து வந்த வாங் யுவான்லு என்னும் தாவோ சமயத் துறவி, ஒரு சுவரின் பின்னே சிறிய அறை ஒன்றைக் கண்டார். பதினோராம் நூற்றாண்டில் அடைக்கப்பட்ட அவ்வறையிற் பல்லாயிரம் சுவடிகள் அடுக்கடுக்காக இருந்தன. பௌத்த நூல்களே மிகுதி. ஆயினும் தாவோ, மானிக்கேய, கிறித்தவ சமய நூல்களும் அவற்றோடு ஒரே கூரையின் கீழ்க் கிடந்தன. 1907இல் ஆரல் ஸ்டைன் அங்கிருந்து பெற்றுச் சென்ற சுவடிகளில் ஒன்று வச்சிரச் சூத்திரம். கி.பி. 868இல் அச்சிடப்பட்டது அது. திகதி குறிக்கப்பட்டு முழுமையாகக் கிடைத்துள்ள அச்சு நூல்களில் அதுவே மிகப் பழையது. அதனைச் செய்வித்த வாங் சியே என்பவர், தம் தாய் தந்தையர் பொருட்டு யாவர்க்கும் இலவசமாக வழங்குதற்கென்று செய்வித்ததாக அதன் இறுதியிற் குறிப்பு உள்ளது. வழங்குதற்கென்றே அச்சிட்ட நூல் சுமார் தொள்ளாயிரம் ஆண்டு எவர் கைக்கும் எட்டாமல் இருளிற் கிடந்தது!

மற்றையது சாக்கடல் சுருள்கள். 1947ஆம் ஆண்டளவில், காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற இடையன் ஒருவன் கும்ரான் குகை ஒன்றினுள் கல்லை எறிய, சாடி உடையும் ஓசை கேட்டது என்பர். 1956 வரையிற் பதினொரு குகைகளிலிருந்து ஏறக்குறைய தொள்ளாயிரம் சுவடிகளின் பகுதிகள் கிடைத்தன. அவற்றுள் ஏசாயா தீர்க்கதரிசியின் நூல், ஏழு மீற்றருக்கு மேல் நீண்ட ஒரே தோற்சுருளில் முழுமையாக இருந்தது. அதுவரை அறியப்பட்டிருந்த முழு எபிரேயப் பிரதிகளிலும் அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது. இரண்டையும் ஒப்பிட்டவர்கள், எழுத்திலும் சொல்லிலும் வேறுபாடுகள் பல இருப்பினும் நூல் பெரும்பாலும் ஒன்றாகவே இருத்தலைக் கண்டனர். ஆயிரம் ஆண்டாகப் பெயர் தெரியாத பலர் பார்த்துப் பார்த்து எழுதி வந்ததன் பயன் அது.

ஆனால் சுருள்களின் கதை அத்துடன் முடியவில்லை. சில சுருள்கள் விரைவில் அச்சேறின. துண்டு துண்டாய்க் கிடைத்தவற்றுட் பலவோ ஒரு சிறு அறிஞர் குழுவின் பொறுப்பில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு தங்கிவிட்டன. 1991இல் கலிபோர்னியாவிலுள்ள ஹண்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த ஒளிப்படங்களை ஆய்வாளர் அனைவருக்கும் திறந்துவிட்ட பின்னரே அத்தடை தளர்ந்தது. நூலைக் கண்டெடுப்பதோடு கடமை முடிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவற்றையெல்லாம் நாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றுடன் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் பிரதி இருந்த நூலை மீண்டும் தேடி வைக்கலாம். வேறு பிரதி இல்லாத ஏடு போனது போனதே.

நம் வீடுகளின் நிலை என்ன? பூசையறையிலும் பழைய பெட்டகத்திலும் துணியிற் சுற்றிய ஏடுகள் இன்னும் சில இடங்களில் உண்டு. சரசுவதி பூசையன்று சந்தனம் சாத்தி வணங்குகிறோம். பின்பு மீண்டும் கட்டி வைக்கிறோம். உள்ளே இருப்பது புராணமோ, வாகடமோ, சோதிடமோ என்று வினவினால் விடை சொல்வார் இல்லை. ஏட்டெழுத்தை வாசிக்க வல்ல பெரியவர்களோ நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

வாலிப அன்பர்களே, இவ்வாண்டில் நாம் ஒன்று செய்வோம். அத்தகைய பெரியவர் ஒருவரை நாடிச் சென்று ஏடு வாசிக்கக் கற்போம். வீட்டாரின் அனுமதி பெற்று ஒவ்வோர் ஏட்டையும் படம் பிடிப்போம். கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும். பிரதியை ஓரிடத்தில் மட்டும் வையாது பல இடங்களில் வைப்போம். துன்குவாங் சுவடிகளையும் சாக்கடல் சுருள்களையும் இன்று இங்கிருந்தே கணினியிற் காண இயலும். பிற சமயத்தார் தம் நூல்களை நமக்கு அவ்வாறு திறந்து வைத்திருக்கையில், நம்முடையதை நாமே பூட்டி வைத்தல் முறையாகுமா?

தில்லையிற் கதவு திறக்க ஓர் அரசன் வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறக்க நாமே போதும்.