வீட்டு ஜெபமும் வேலை நேரமும்

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெபம் எப்படி நடக்கிறது, அது எவ்வாறு நடந்தால் ஆண்டவரோடு நமக்குள்ள உறவு நாளுக்கு நாள் வளரும் என்பதைப் பற்றி இன்று சற்றுப் பேசலாம் என்று எண்ணுகின்றோம். பிற சமயத்தைச் சேர்ந்த அன்பர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மாலையில் சாமி மாடத்தில் விளக்கேற்றும் வீடுகளுக்கும் இங்கே சொல்லப்படுபவற்றில் சில பொருந்தலாம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள் வீட்டு ஜெபத்திற்கு நேரம் தேட வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டால் வீடு, குளியல், சமையல். பொழுது சாய்ந்துவிட்டால் எல்லாரும் வீட்டில்தான். பாயை விரித்து உட்கார்ந்து ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, கர்த்தர் கற்பித்த ஜெபம். கத்தோலிக்க வீடாக இருந்தால் ஜெபமாலை. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கேட்டே மணி என்ன என்று சொல்லிவிடுவார்.

பாயான் பாருவில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய பின், தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் வேலை தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். தந்தைக்குக் காலை ஷிப்டு, தாய்க்கு இரவு ஷிப்டு, மூத்த பிள்ளைக்கு டியூஷன், இளையவனுக்குக் கைப்பேசி. ஒருவர் சாப்பிட்டு எழும்போது மற்றவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட வீட்டில் மாலை ஏழு மணிக்கு அனைவரும் கூடி ஜெபிக்க வேண்டும் என்று ஒருவர் பிரசங்கம் செய்தால், கேட்பவருக்குக் குற்ற உணர்ச்சி வருமே தவிர ஜெபம் வராது. ஆகவே இப்படியும் வாழ்ந்துகொண்டு ஜெபிப்பது எவ்வாறு என்றுதான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், நாம் எப்போது ஜெபிக்கின்றோம் என்பதை உண்மையாகப் பார்ப்போம். பிள்ளைக்கு எஸ்.பி.எம். தேர்வு வந்தால் ஜெபிக்கின்றோம். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஜெபிக்கின்றோம். வீட்டுக் கடன் கிடைக்க ஜெபிக்கின்றோம். நாலு நம்பர் எடுத்துவிட்டு ஜெபிப்பவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், நம் வீட்டிலேயே ஒருவர் இருக்கக்கூடும். கேட்பது தவறே இல்லை. கேளுங்கள் என்று சொன்னவர் இயேசுநாதர்தான். ஆனால் கேட்பது மட்டுமே ஜெபம் என்று ஆகிவிட்டால், ஆண்டவர் நமக்குத் தோட்டத்து ஆபீஸ் கிராணியைப் போல் ஆகிவிடுகிறார். காரியம் இருந்தால் ஜன்னல் ஓரம் போய் நிற்போம். காரியம் முடிந்தால் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டோம்.

பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1889-ஆம் ஆண்டு பிறந்து, 1905-இல் ஞானஸ்நானம் பெற்று, காவி உடையில் கால்நடையாக நற்செய்தி சொல்லித் திரிந்தவர் சாது சுந்தர் சிங். நம் மலாயாப் பக்கமும் வந்து பேசிச் சென்றவர் அவர். ஜெபத்தில் பொருளைக் கேட்பதைவிடப் பொருளைக் கொடுப்பவரையே தேட வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம். அதற்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று தாயும் குழந்தையும். தாயிடம் பால் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் குழந்தை வாய் வைத்து உறிஞ்சினால்தான் அது கிடைக்கும். 1922-ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலில் இந்தக் கருத்தைக் காணலாம்.

பால் என்றதும் நமக்கு இன்னொரு பால் நினைவுக்கு வராமல் போகாது. மரத்துப் பாலைப் பற்றி உங்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். பால் பட்டையில் எப்போதும் இருக்கிறது. ஆனால் வெட்டுகிறவர் போய் உளி வைத்தால்தான் மங்கில் சொட்டும். எவ்வளவு வெட்டுகிறார்? காகிதம் போல் மெல்லிய ஒரு சீவல். நேற்றுப் போகவில்லையே என்று இன்று ஆழமாக வெட்டினால் பால் இரட்டிப்பாக வராது; மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். வெயில் ஏறிய பிறகு போனாலும் பால் குறைந்துவிடும். விடியற்காலையில், முறை தவறாமல், சிறிதளவு. ஜெபத்திற்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் இரவு முழுவதும் விழித்திருப்பதைவிட, தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உட்காருகிறவருக்கு ஆண்டவரோடு பழக்கம் ஏற்படுகிறது.

இதனால் திருவிழாக்களையும் யாத்திரைகளையும் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26-ஆம் நாளை ஒட்டி புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் கூடும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தமிழர், சீனர், பிற சமயத்தார்கூட வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு அந்த ஆலயம் பசிலிக்காவாகவும் உயர்த்தப்பட்டது. பாலத்தைத் தாண்டி நம் பாயான் பாரு மக்களும் குடும்பத்தோடு போகிறார்கள். போய் வந்த மறுநாள் காலை என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இனி, என்ன சொல்லி ஜெபிப்பது? எங்களுக்குப் பேச வராதே என்று பல பெற்றோர் கூசுகிறார்கள். போதகரைப் போல், பாதிரியாரைப் போல் பேசத் தெரியாது என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரிடையே நடந்த ஒன்றைச் சொல்லலாம்.

1542-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடி, மணப்பாடு முதலிய முத்துக்குளித்துறை ஊர்களுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் ஜெபம் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சவேரியாரின் தாய்மொழியோ பாஸ்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்ன செய்தார்? இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் இவற்றைத் தமிழில் ஆக்கினார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, பிள்ளைகளைக் கூட்டி, நாள்தோறும் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். இதையெல்லாம் 1544-ஆம் ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார்.

ஆசிரியர்களாகிய நமக்கு அந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பள்ளியில் கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கும்படி அவர் பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டார். நோயாளிகள் வீட்டிற்குத் தம்மால் போக முடியாதபோது பிள்ளைகளையே அனுப்பி ஜெபிக்கச் சொன்னார். பெரியவர்களைக் காட்டிலும் பிள்ளைகள் கூச்சமின்றி ஜெபிப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரே 1545-இல் நம் மலாக்காவுக்கும் வந்தார். இன்று பினாங்கு ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் ஆலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு செய்தி. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம் கொண்ட அந்தச் சிறு நூல் ஜெபமும் மறைப்போதனையும் அடங்கியது. தமிழன் அச்சில் முதலில் பார்த்தது ஜெபப் புத்தகம் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்கிறது. தமிழில் ஜெபிக்க வராது என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லிவிடக் கூடாது என்றும் தோன்றுகிறது.

ஆகவே பேச வராதவர்கள் மனப்பாட ஜெபத்தோடு தொடங்கலாம். அது தாழ்ந்தது அல்ல. ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். அன்றாட உணவைக் கேட்கும் இடம் வரும்போது ஒரு நிமிடம் நின்று, இன்றைக்கு வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றிய இடம் வரும்போது, யாரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயர் தொண்டையில் சிக்கும். சிக்கட்டும். அங்கேதான் ஜெபம் உங்கள் சொந்த ஜெபமாகிறது. நீங்கள் வீட்டில் பேசும் தமிழே போதும். சூப்பர்வைசர் திட்டியதை மனைவியிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லலாம்.

ஷிப்டுக் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. ஒரு தாளில் வாரத்து ஏழு நாளையும் எழுதி, வீட்டில் யார் யார் எந்நேரம் இருக்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். இரவு ஷிப்டு முடிந்து தாய் வீடு வரும் நேரமும் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் கால் மணி நேரமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால் மணியில் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர் பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபியுங்கள். பஸ்ஸில் இருக்கும் தகப்பனுக்கு, இந்நேரம் என் பிள்ளை என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று தெரிந்திருந்தால், அவருக்கும் அங்கேயே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். நேரத்தை அறிவிக்கும் பொறுப்பைக் கடைசிப் பிள்ளையிடம் விடுங்கள். மணி கிடைக்காவிட்டால் கரண்டியும் தட்டும் போதும்; நம்மைவிடக் கண்டிப்பாக நடத்துவான்.

மற்ற நேரம் முழுவதும் ஆண்டவரை மறந்திருக்க வேண்டும் என்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். முன்னாள் போர்வீரர், காலில் காயம்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு வேலை. அந்த வேலை அவருக்குப் பிடித்ததும் இல்லை. ஆனால் அடுப்படியிலும் ஆலயத்தில் முழந்தாளிட்டிருப்பதைப் போலவே ஆண்டவர் அருகில் இருக்கப் பழகிக்கொண்டார். 1691-இல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். பால் வெட்டுபவரும், தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பவரும் கை வேலையில் இருக்கும்போது மனத்தால் ஒரு சொல் பேசலாம். அதற்கு மேற்பார்வையாளர் அனுமதி தேவையில்லை.

இதுவரை சொன்னது எளிது. கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்: “பதினோரு வருஷமாக ஜெபிக்கிறேன் சார். அவர் சம்சுவை விட்டபாடில்லை. ஆண்டவருக்குக் காது கேட்கவில்லையா?” அவரைப் பார்த்து விசுவாசம் போதாது என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது கொடுமை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுநாதரே தம் பாத்திரம் நீங்கும்படி கேட்டார், அது நீங்கவில்லை. பவுல் தம் உடலில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை மன்றாடினார். முள் இருந்தது, தாங்கும் பலம் வந்தது. அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வார்?

ஜெபிக்கிறேன் என்பதற்காக மற்ற வழிகளை அடைத்துவிடவும் வேண்டாம். குடிப்பழக்கத்திற்கு அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ உதவி கேட்கலாம். கணவர் கை நீட்டுகிறார் என்றால் காவல் நிலையத்திற்குப் போகலாம். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அடியை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. உதவி கேட்டுப் படியேறும் துணிவையே அவர் ஜெபத்திற்குப் பதிலாகத் தந்திருக்கலாம்.

அந்தத் தாயாருக்கு நாங்கள் காட்டியது 13-ஆம் சங்கீதம். மிகச் சிறியது, ஆறே வசனம். எத்தனை காலம் என்று ஆண்டவரிடம் நேருக்கு நேராக நான்கு முறை கேட்கிறது. இப்படியெல்லாம் கேட்கலாமா சார் என்று வியப்போடு பார்த்தார். வேதத்திலேயே கேட்டிருக்கிறதே அம்மா என்றோம். வேதப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டார். இரவு ஷிப்டு முடிந்து வந்ததும், மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்புமுன், அவளையே அதை உரக்க வாசிக்கச் சொல்கிறாராம். கணவர் சில நாள் உள்ளறையில் விழித்துப் படுத்திருப்பார். இன்னும் எழுந்து வந்து உட்காரவில்லை. ஆனால் கதவைச் சாத்தச் சொல்வதில்லை என்றார்.