குதிரையின் தசையும் குருதியும்



நான் சிறுவனாயிருந்த காலத்தில், மருதனார்மடத்துச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில், செம்பாட்டுத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருந்த பெரியவர் ஒருவர் சவாரி மாடுகள் வளர்த்து வந்தார். சவாரித் திடலிலிருந்து திரும்பியதும் ஏனையோர் மாடுகளைப் பூவரசிலே கட்டிவிட்டு, வென்ற கதையும் தோற்ற கதையும் பேசப் போய்விடுவர். இவர் மாத்திரம் கயிற்றைப் பிடித்தபடி ஒழுங்கை நெடுகிலும் அரைமணி நேரம் மாடுகளை மெல்ல நடத்துவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஓடின மாட்டை உடனை கட்டக்கூடாது தம்பி. அதின்ரை இரத்தமும் நடந்துதான் வீட்டுக்கு வரவேணும்" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே எனக்கு விளங்கிற்று. ஓட்டத்தைக் குறித்து விலங்கு மருத்துவர்கள் மிகுதியாக ஆராய்ந்த பிராணி குதிரை. ஆதலின் குதிரையின் தசையையும், அத்தசையை ஊட்டி வளர்க்கும் குருதியையும் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

பந்தயக் குதிரையின் உடல் நிறையில் பாதிக்கு மேற்பட்டது தசையே. அத்தசை மெல்லிய நார்களால் ஆனது. நார்கள் யாவும் ஒரே குணமுடையன அல்ல. நமது அடுப்பங்கரையை எண்ணிப் பாருங்கள். காய்ந்த பனையோலையைச் செருகினால் குப்பென்று எரிந்து நொடியில் அடங்கிவிடும். புளியம்விறகோ மெல்லப் பற்றி நெடுநேரம் நின்று எரியும். தசைநார்களிலும் இவ்விரு குணங்கள் உண்டு. மெதுநார்கள் ஒட்சிசனைக் கொண்டு எரிபொருளைச் சிறுகச் சிறுக எரித்து, களைப்பின்றி நெடுநேரம் உழைப்பன. விரைநார்கள் கணத்திலே சுருங்கிப் பெருவலிமை காட்டுவன. தம்மிடமுள்ள சர்க்கரைச் சேமிப்பை ஒட்சிசனுக்குக் காத்திராமலே உடைத்துப் பயன்படுத்தி, விரைவிலே ஓய்ந்துவிடுவன. விரைநார்களிலும் ஒருவகை, வேகத்துடன் ஓரளவு தாக்குப்பிடிக்கும் இயல்பையும் பெற்றிருக்கிறது.

1970களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் உயிருள்ள குதிரையின் பிட்டத்துத் தசையில் ஊசி செலுத்தி, மிகச் சிறிய துண்டொன்றை எடுத்து இந்நார்களை எண்ணிப் பார்த்தனர். பின்னர் பல இனங்களும் ஒப்பிடப்பட்டன. அமெரிக்காவிலே கால் மைல் ஓட்டத்திற்கென வளர்க்கப்பட்ட குதிரையின் அத்தசையில் பத்துக்கு ஒன்பது விரைநார்கள். நெடுந்தூரம் செல்லும் அராபியக் குதிரையிலும், மட்டக் குதிரையிலும், கழுதையிலும் மெதுநார்களின் பங்கு அதனிலும் மிகுதி. இப்பங்கீடு பெரும்பாலும் பிறப்போடு வருவது. அங்ஙனமாயின் பயிற்சியால் ஆவது யாது?

இங்கேதான் குருதி வருகிறது. ஒவ்வொரு தசைநாரையும் சுற்றி மயிரினும் நுண்ணிய குருதிக்குழாய்கள் ஓடுகின்றன. மெதுநார்களைச் சுற்றி அவை நெருக்கமாக அமைந்துள்ளன. வாரக்கணக்காக, மாதக்கணக்காக முறையாகப் பழக்கிய குதிரையிலே இக்குழாய்கள் பெருகுகின்றன. நார்களுக்குள்ளே ஒட்சிசனைப் பயன்படுத்தும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன. தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டுவதை ஒத்தது இது. வாய்க்கால் வெட்டாத பாத்திக்குக் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் பயனில்லை.

கிணறும் எளியதன்று. ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் குதிரையின் இதயம், முழு வேகத்தில் 220க்கு மேல் துடிக்கிறது. 500 கிலோ நிறையுள்ள பந்தயக் குதிரையின் இதயம் அப்போது ஒரு நிமிடத்தில் 250 லீற்றருக்கு மேற்பட்ட குருதியை இறைக்கிறது. அதிற் பெரும் பங்கு தசைகளையே சென்றடைகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. ஓய்வு வேளையில் செங்குருதிக் கலங்களிற் பெருந்தொகையைக் குதிரை தன் மண்ணீரலிலே சேமித்து வைக்கிறது. ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அவற்றை வெளியேற்ற, குருதியில் நூற்றுக்கு 40 பங்களவாயிருந்த செங்கலங்கள் 60 பங்குக்கு மேல் உயர்கின்றன.

ஆயினும் இவற்றுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. அதனைக் கடந்தால் தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, சேமித்த எரிபொருள் குறைகிறது, உடல் கொதிக்கிறது. ஏனெனில் தசை எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வேளையில் சாட்டையும் துவரந்தடியும் என்ன செய்யும்? அவை வலியைக் கொடுக்கும்; ஒட்சிசனைக் கொடா. பழக்கத்தால் வெட்டாத வாய்க்காலை அடியால் வெட்ட முடியாது. மாட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது: குதிரையைப் போல வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை.

இனிப் பெரியவரின் நடைக்கு வருவோம். குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது இல்லை. எலும்பும் நாண்களுமே உள்ளன. அங்கே இறங்கிய குருதி மேலேறுவதற்குக் குளம்பே துணை செய்கிறது. ஒவ்வோர் அடியிலும் குளம்பினுள் இருக்கும் மெத்தை போன்ற பாகம் அழுந்தி, நாளங்களிலுள்ள குருதியை மேலே தள்ளுகிறது. தொடையிலும் தோளிலும் சுருங்கி விரியும் தசைகள் அவ்வேலையைத் தொடர்கின்றன. ஓடிய விலங்கை மெல்ல நடத்தினால், குருதி சுற்றி வந்து தசையிலுள்ள கழிவையும் வெப்பத்தையும் அகற்றும். சட்டென்று கட்டிவிட்டால் இவ்விறைப்பு நின்றுவிடும். பெரியவர் பள்ளியிற் கற்றவரல்லர்; மாட்டிடம் கற்றவர்.

இக்கருத்தை மனத்திற் கொண்டு நமது நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகேறிச் சென்றால், பிறநாட்டார் ஆட்சிக் காலத்திலே கொண்டுவரப்பட்ட குதிரைகளின் சந்ததி இன்றும் அங்கே கட்டற்றுத் திரிவதைக் காணலாம். பழைய லாயத்தின் கல்தூண்கள் இடிந்து நிற்கின்றன. குதிரைகளோ புல்லையும் நீரையும் தேடி நாள் முழுவதும் நடக்கின்றன. அவற்றை ஓட்டுவாரும் இல்லை, அடிப்பாரும் இல்லை. ஆனால் கோடை வறட்சியிலே நீர்நிலைகள் வற்ற, அவற்றிற் பல மடிந்த செய்தி நமக்குப் புதிதன்று.

குருதியின் பெரும் பகுதி நீரே. நீர் குறைந்தால் குருதியின் அளவு குறைகிறது. தசைக்கு ஒட்சிசன் கொண்டு செல்லவும், தோலுக்கு வெப்பத்தைக் கொண்டு வரவும் போதிய குருதி இல்லாமற் போகிறது. எத்துணை நல்ல தசையாயினும் அப்போது உதவாது. ஆதலின் பங்குனி, சித்திரை வெயிலுக்கு முன்னரே அங்குள்ள தொட்டிகளில் நீர் நிரப்புவது அந்தக் குதிரைகளின் உயிரைக் காப்பதாகும். உங்கள் வீட்டுப் பட்டியிலே நிற்கும் மாட்டுக்கும் இதுவே நியாயம். அதனிடம் வேலை வாங்குமுன் பழக்குங்கள், வாங்கியபின் நடத்துங்கள், தண்ணீர் காட்ட மறவாதீர்கள்.