அபாயமும் அயலவரும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் பாதுகாப்பையே முதலிற் புகழ்வர். குன்றுகள் அரண் செய்ய, பெருங்கப்பல்களும் எப்பருவத்திலும் வந்து தங்கத்தக்க ஆழமும் அமைதியும் உடைய இயற்கைத் துறைமுகம் இது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதன்மேற் கண் வைத்தது இதனாலேதான். ஆயினும், நேயர்களே, கப்பல்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்புக் கரையில் வாழும் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. நிலாவெளியும் குச்சவெளியும் திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கின்றன. மூதூரும் கிண்ணியாவும் கொட்டியாரக் குடாவின் ஓரத்தன. மகாவலி கங்கை மலைநாட்டு வெள்ளத்தைச் சுமந்துவந்து கொட்டுவதும் அந்தக் குடாவிலேதான்.

இம்மாவட்டத்துக்கு அபாயம் பல வடிவங்களில் வந்திருக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி காலையில் அது ஆகாயத்திலிருந்து வந்தது. அதற்கு முந்திய நாளே ஜப்பானியக் கடற்படை கண்காணிப்பு விமானத்தின் பார்வையில் அகப்பட்டிருந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. அவற்றுள் ஒன்றான ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது வேறு கதை. அன்று சீனன்குடாவில் எரிந்த எண்ணெய்க் குதத்தின் உருகிய இரும்பை இன்றுங் காணலாம். அந்த நாளிலே தீவு முழுவதிலும் குடிமக்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் ஒலிவர் குணத்திலக்க. உணவுப் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. குண்டுக்குத் தப்புவதையும் அடுப்பெரிவதையும் ஒரே மனிதரின் கையில் வைத்தார்களே, அது ஆழ்ந்த யோசனை என்றே நான் கருதுகின்றேன்.

அபாயத்துக்கும் அறிவிப்புக்கும் இடையிலே நமக்குக் கிடைக்கும் பொழுது எவ்வளவு என்பதே முதலிற் சிந்திக்க வேண்டியது. சூறாவளிக்கு இரண்டொரு நாள் கிடைக்கும். ஆற்று வெள்ளத்துக்கும் பெரும்பாலும் அவ்வாறே. ஆழிப்பேரலைக்கோ ஒன்றரை மணி நேரம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது இலங்கையில் ஏறத்தாழக் காலை ஏழு மணி. அலை நம் கீழ்க்கரையை வந்தடைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றது. ஒன்றரை மணி நேரம்! நடக்கக்கூடிய ஒருவர் அரைமணி நடையிலே இரண்டு கிலோமீற்றர் உள்நாட்டுக்குப் போய்விடலாம். முடியாதவரைத் துவிச்சக்கரவண்டியில் ஏற்றியாவது கொண்டுபோயிருக்கலாம். ஆனால் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. பசிபிக் சமுத்திரத்துக்கே அது இருந்தது. சில இடங்களிற் கடல் பின்வாங்கியதைக் கண்டு வேடிக்கை பார்க்க இறங்கிப் போனவர்களும் உண்டு. நாடு முழுவதும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரும், இம்மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் மாண்டனர். கிண்ணியாவில் வைத்தியசாலையையே கடல் அழித்தது. அக்காலத்திற் கிண்ணியாவுக்குப் பாலமும் இல்லை, தோணித்துறையே வழி. இப்போதுள்ள நீண்ட பாலம் 2009இலேதான் திறக்கப்பட்டது.

மாண்டோருள் பெண்களும் சிறுவரும் முதியோருமே மிகுதி. காரணங்களை ஊரார் அறிவர். அலை வருகிறதென்று தெரிந்ததும் தாய் தன் பிள்ளையைத் தேடி வீட்டுக்குள் ஓடினாள். சேலை காலைத் தடுத்தது. கடற்கரையிற் பிறந்து வளர்ந்தும் பெண்களுட் பலர் நீந்தக் கற்றதில்லை. தம்பிமாருக்கு நீச்சல் தானாக வந்துவிடுகின்றது; தங்கைமாருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மானம் கருதி இதனைத் தள்ளி வைக்கும் பெற்றோரிடம் நான் வாதாட வரவில்லை. பெண்களுக்கென ஒதுக்கிய ஒரு வேளையில், மூத்த பெண்ணொருத்தியின் மேற்பார்வையில், அமைதியான உட்குடா நீரிலே கற்பிக்கலாமே என்று மட்டும் கேட்கின்றேன்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தினால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றிற்று. 117 என்னும் தொலைபேசி எண் அதற்குரியது. இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு ஏற்பட்டது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி பிற்பகலில் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் உண்டாயிற்று. அறிவித்தல் வந்தது, கரையோரத்தவர் உள்நாட்டுக்கு நகர்ந்தனர், பேரலை வரவில்லை. அன்று கடலடி நிலம் மேலுங் கீழுமாக எழாமல் பக்கவாட்டில் நகர்ந்தமையே அதற்குக் காரணம். அதனை முதல் நிமிடங்களில் எவராலும் உறுதியாகக் கூற முடியாது. வீணாக ஓடினோமே என்று சலித்துக்கொண்டவர்கள், ஓடுவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த ஒழுங்கையில் நெரிசல் ஏற்பட்டது, யாருடைய பாட்டியார் பின்தங்கினார் என்பனவற்றை அன்றே குறித்து வைத்திருந்தால் அதைவிடப் பெரிய ஒத்திகை வேறில்லை.

இனிச் சூறாவளிக்கு வருவோம். 1964 டிசம்பர் 22இல் நம் வடகீழ்க் கரையைக் கடந்த சூறாவளியே அப்பாற் சென்று தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்புச் சூறாவளி. 2000 டிசம்பர் 26இல் ஒன்று திருகோணமலைக்கு அருகே கரையேறிற்று. 2020 டிசம்பர் 2இல் புரெவி, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா. திகதிகளைக் கவனியுங்கள்: யாவும் கார்த்திகை, மார்கழி. ஆகையால் ஐப்பசி முடியுமுன் கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்ப்பதும், வீட்டின்மேற் சாய்ந்த தென்னையில் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுவதும் வீட்டுக்காரரின் கடமை. மீனவர் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். இதிலே ஒரு நுட்பம் உண்டு. சூறாவளியின் நடுக்கண் தலைக்குமேல் வரும்போது காற்று அடியோடு ஓய்ந்துவிடும். முடிந்ததென்று எண்ணி வெளியே வந்து, பறந்த தகரத்தைப் பொறுக்கப் போகக் கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீளவும் அடிக்கும். முதற்காற்றில் ஆட்டங்கண்ட சுவர் இரண்டாங்காற்றிலேதான் விழும்.

வெள்ளத்தின் இயல்பு வேறு. இங்கே வெயில் எறிக்கும்போதும், மலைநாட்டிற் பெய்த மழை மகாவலி வழியாக வெருகலுக்கும் மூதூருக்கும் வந்து சேரும். டித்வாவின்போது காற்றுத் தணிந்த பின்னரே மாவிலாற்று அணைக்கரை உடைந்து, கீழுள்ள ஊர்கள் நீரில் மூழ்கின. ஆதலின் நம்மூர் வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. கண்டியின் வானிலையையும் வானொலியிற் கேட்டறிய வேண்டும். மின்சாரம் நின்றாற் கைத்தொலைபேசிக் கோபுரமும் நின்றுவிடக்கூடும். பற்றரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி வீட்டிலிருப்பது நலம். இதை நான் சொன்னால் சொந்த வியாபாரம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு ஒன்று வாங்கி வையுங்கள்.

வீட்டிலே எதை எடுத்து வைப்பது? இரண்டு மூன்று நாளுக்கு அவல், மா, சீனி, நெருப்புப் பெட்டி, ரோர்ச், மூடியுள்ள கலனிற் குடிநீர், நாள்தோறும் உண்ணும் மருந்து. இவற்றை எல்லோரும் அறிவர். நான் வற்புறுத்துவது பத்திரங்களை. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டு, கதவருகே ஓர் ஆணியிலே தொங்கவிடுக. போரினாலும் கடலினாலும் பலமுறை இடம்பெயர்ந்த இம்மாவட்டத்திலே, உயிர் தப்பிய பின்னரும் உறுதி இல்லாமற் காணிக்கு அலைந்த குடும்பங்கள் எத்தனை! பை தொங்கினால் ஒருவரும் பெட்டகம் திறக்கத் திரும்பி ஓடமாட்டார்.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கடல்நீர் புகுந்த கிணற்றை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள், 2004இன் பின்னர். மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீரே மேலெழும். ஒருமுறை இறைத்துச் சேற்றை அகற்றிவிட்டு மழைக்கு விடுதலே தக்கது. குடிநீருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சொற்படி நடக்கவும்.

இவையெல்லாம் வீட்டளவில். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் நம்மைத் தேடி வருவது படகுமல்ல, உலங்கு வானூர்தியுமல்ல; வேலிக்கு அப்பாலுள்ளவரே. ஓர் ஒழுங்கையிலே படுக்கையிற் கிடப்பவர் யார், கர்ப்பிணி யார், கணவன் தொழிலுக்குப் போய்விட்ட வீடு எது என்பதைக் கிராம உத்தியோகத்தரின் கொப்பியைவிட அயலிலுள்ள பெண்கள் நன்கறிவர். ஒவ்வொரு முதியவருக்கும் தூக்கிச் செல்ல இருவரைப் பெயர் சொல்லிக் குறித்து வைப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே உள்ள ஊர் இது. நான்கிலும் ஒலிபெருக்கி உண்டு. எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒலிக்க வேண்டும். ஒன்றைக் கேட்டவர் மற்றதற்கு ஆளனுப்பவும் வேண்டும்.

மாட்டையும் ஆட்டையும் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டே புறப்படுக.

தஞ்சம் புகும் இடம் பெரும்பாலும் பாடசாலைக் கட்டிடமே. டிசம்பரிலோ பாடசாலைக்கு விடுமுறை. அதிபர் வெளியூராராயின் தம் ஊருக்குப் போயிருப்பார். மழையில் நனைந்த நூறு பேர் பூட்டிய கதவின் முன்னே நிற்க நேரிடும். விடுமுறை தொடங்குமுன், திறப்பு ஒன்றைப் பாடசாலைக்கு மிக அண்மையிலுள்ள வீட்டில் ஒப்படைத்து, அது எந்த வீடு என்பதை ஊரில் எல்லோருக்கும் தெரியப்படுத்தி வையுங்கள்.