கவனம் ஓர் அமானிதம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர் என்னைச் சந்தித்தார். சவூதியில் பணிபுரிபவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நாற்பது நாள் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். மறுநாள் இரவு விமானம். அவருடைய பத்து வயது மகன் அவரிடம் இப்படிக் கூறினானாம்: "அத்தா, நீங்க சவூதிக்கே போயிருங்க. அங்கிருந்து பேசும்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசுறீங்க."

இதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கின. சிந்தித்துப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன், கடல் கடந்து சென்றவரின் கடிதத்திற்காகவும், குரலைப் பதிவு செய்து அனுப்பிய ஒலிநாடாவுக்காகவும் குடும்பங்கள் பல நாட்கள் காத்திருந்தன. இன்று நினைத்த நொடியில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. இது அல்லாஹ் வழங்கிய நிஃமத். ஆனால், தூரத்தில் இருப்பவரை அருகில் கொண்டு வந்த அதே கருவி, அருகில் இருப்பவரைத் தூரமாக்கிவிட்டதே!

தூர எறியப்பட்ட மோதிரம்

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி நஸாஈயில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஒரு மோதிரம் அணிந்திருந்தார்கள். அன்று அவர்களின் பார்வை ஒருமுறை மோதிரத்தின் மீதும், ஒருமுறை தோழர்கள் மீதும் மாறி மாறிச் சென்றது. தோழர்களை விட்டும் அது தம் கவனத்தைத் திருப்பிவிட்டது என்று கூறி, அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

முத்திரையிடும் தேவைக்காக நபியவர்களிடம் மோதிரம் இருந்தது என்பதையும் நாம் அறிவோம். எனவே கைப்பேசியை உடைத்தெறியுங்கள் என்று நான் கூற வரவில்லை. தேவைக்குப் பயன்படும் பொருள் வேறு. எதிரில் இருப்பவருக்குரிய பார்வையைப் பறிக்கும் பொருள் வேறு. ஒருவரிடம் பேசத் திரும்பினால் முழு உடலோடும் திரும்புவது நபியவர்களின் பண்பு என்று ஷமாயில் திர்மிதி கூறுகிறது. நாமோ, பெற்ற தாய் பேசும்போதுகூடக் கழுத்தைத் திருப்புவதில்லை. இதைச் சொல்லும் நானும் விதிவிலக்கல்லன். என் தாயார் பேசிக்கொண்டிருக்க, திரையைப் பார்த்தபடியே 'உம்' கொட்டிய நாட்கள் எனக்கும் உண்டு. சில நாட்களில் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனதையும் நான் கவனிக்கவில்லை.

முடிவில்லாத திரை

இது நம்முடைய பலவீனம் மட்டுமன்று. நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, செய்தித்தாளுக்கும் உண்டு. திரைக்கு மட்டும் கடைசிப் பக்கம் இல்லை. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்த அமைப்பை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார். அடுத்து வருவது நல்ல செய்தியா, வீண் செய்தியா என்பது தெரியாது. அந்த எதிர்பார்ப்பே விரலை நிறுத்த விடாமல் செய்கிறது. சூதாட்டக்காரனை எழ விடாமல் தடுப்பதும் இதே எதிர்பார்ப்புதான்.

இதன் விளைவு பள்ளிவாசலுக்குள்ளும் வந்துவிட்டது. ஸலாம் கொடுத்த மறுகணமே கை சட்டைப் பையைத் தேடுகிறது. தஸ்பீஹுக்கு விரல்கள் மடங்கும் முன்பே திரை ஒளிர்கிறது. குத்பாவின்போது தரையிலுள்ள சிறு கற்களைத் தொடுவதையே வீண் செயல் என்று நபியவர்கள் கூறியிருப்பதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். கல்லுக்கே இந்த நிலை என்றால், உலகம் முழுவதையும் உள்ளே வைத்திருக்கும் கைப்பேசியைத் தொடுவதை என்னவென்பது?

இன்றே தொடங்குவோம்

சகோதரர்களே! பொருளும் நேரமும் அமானிதம் என்று அறிந்திருக்கிறோம். கவனமும் அமானிதமே. அதில் அல்லாஹ்வுக்கு உரிமை உண்டு; பெற்றோருக்கும் துணைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு.

உணவு விரிப்பில் கைப்பேசிக்கு இடம் தராதீர்கள். இரவில் அதைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். ஃபஜ்ருக்கு எழ ஒரு கடிகாரம் போதும். பள்ளிக்கு வரும்போது முடிந்தவரை வீட்டிலேயே விட்டு வாருங்கள். முக்கியமாக, பிள்ளைகளின் கையிலிருந்து பறிக்கும் முன், நம் கையிலிருந்து இறக்கி வைப்போம். நாம் சொல்வதைவிட, செய்வதையே அவர்கள் கற்கிறார்கள்.

அந்தச் சகோதரர், "நாற்பது நாட்களும் போய்விட்டனவே, இனி என்ன செய்வது?" என்று கேட்டார். "இன்னும் ஓர் இரவு இருக்கிறதே" என்றேன். மறுநாள் ஃபஜ்ருக்கு மகனின் கையைப் பிடித்தபடி வந்தார். அவருடைய சட்டைப் பை காலியாக இருந்தது.

நமக்கும் எத்தனை இரவுகள் மீதமிருக்கின்றன என்பதை அல்லாஹ்வே அறிவான். மீதமுள்ளவற்றில், உரியவர்களுக்கு உரிய கவனத்தை வழங்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.